ஒலிப்பதிவுப் படிப்புக்கு ஆறு லட்சம்: எங்கே கேட்பது, எதில் கையெழுத்துப் போடக்கூடாது

கேள்வி: கல்லல் பக்கம் மைக் செட் வைத்துத் தொழில் செய்கிறேன் ஐயா. மூத்த மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தாள், இப்போது பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். சவுண்ட் ரெக்கார்டிங் தவிர வேறு எதுவும் படிக்க மாட்டேன் என்கிறாள். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் இரண்டு வருஷ டிப்ளமோ, மொத்தம் ஆறு லட்சம், லோன் நாங்களே ஏற்பாடு செய்கிறோம், சீட் பிடிக்க 25,000 கட்டுங்கள் என்கிறார்கள். நம்ம ஊர் பேங்கில் கேட்டதற்கு இந்தப் படிப்புக்கெல்லாம் லோன் கிடையாது என்று வாயாலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் கொஞ்சம் நகை இருக்கிறது, வீடு கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. அவளுக்குப் பாட்டும் வரும், இசைக்கு அரசு ஸ்காலர்ஷிப் உண்டு என்று ஒருவர் சொன்னார். சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் வெளிநாட்டுக்கே அனுப்பு என்கிறார். எந்தப் பக்கம் போவது?

பதில்:

தம்பி, எந்தப் பக்கம் போனாலும் சரி, அந்த 25,000-ஐ இன்றைக்குக் கட்டாதீர்கள். சேராவிட்டால் திருப்பித் தருவார்களா என்று மெயிலில் கேளுங்கள், போனில் கேட்காதீர்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

பேங்கில் உங்களை அனுப்பிய விதம் தப்பு. ஆனால் சொன்ன விஷயத்தில் பாதி சரி. கல்விக்கடன் சீட்டில் பல வருஷம் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், மேனேஜருக்கு ஒலிப்பதிவு நல்ல தொழிலா இல்லையா என்பது கேள்வியே இல்லை. படிப்பு முடியும்போது கையில் வரும் சான்றிதழில் யார் கையெழுத்து இருக்கும், அந்தக் கையெழுத்தைப் பல்கலைக்கழகங்களைக் கவனிக்கும் யுஜிசியோ தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏஐசிடிஇயோ மாநில அரசோ ஒப்புக்கொள்கிறதா என்பதுதான் அவர் பார்ப்பது. வட்டி மானியம், மாநில உதவித்தொகை, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு வரும் மாதம் ஆயிரம், எல்லாமே அந்த ஒரு கையெழுத்தில்தான் தொங்குகின்றன. பணம் தருபவரைத் தேடிவிட்டுப் பிறகு படிப்பைப் பார்ப்பது தலைகீழ் வேலை. பட்டமா, யார் தரும் பட்டம் என்று முதலில் முடிவு செய்தால் பணம் வரும் வழியில் பாதி தானாகத் திறக்கும், இல்லாவிட்டால் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு ஜன்னலும் மூடியேதான் இருக்கும்.

ஆகவே அந்த நிறுவனத்திடம் நேராகக் கேளுங்கள்: இது எந்தப் பல்கலைக்கழகத்தின் டிப்ளமோ? ‘வெளிநாட்டுப் பல்கலையோடு இணைந்தது’, ‘இண்டஸ்ட்ரி அங்கீகாரம்’ என்றெல்லாம் பதில் வந்தால் நம்மூர் பேங்க் பாஷையில் அதற்கு அர்த்தம் ‘அங்கீகாரம் இல்லை’ என்பதுதான். படிப்பு மோசம் என்று சொல்லவில்லை. தனியார் இடங்களில் நல்ல மிக்ஸிங் கன்சோலும் நல்ல வாத்தியாரும் இருக்கலாம், அரசு இடத்தில் ஒரு மெஷின் ரிப்பேராகி மாதக்கணக்கில் கிடக்கவும் செய்யலாம். நான் பேசுவது பணத்தைப் பற்றி மட்டும்.

சரி, பட்டம் என்றால் எங்கே? சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே ஒலிப்பதிவுக்கென்றே நான்கு வருஷ இளங்கலைப் பட்டம், காட்சிக்கலை இளங்கலை என்ற பெயரில், இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கையெழுத்தோடு தருகிறார்கள். அரசு நிறுவனம் என்பதால் நான்கு வருஷத்துக்குக் கட்டுவது நீங்கள் சொல்லும் ஆறு லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது. பிளஸ் டூவில் இயற்பியல் படித்திருக்க வேண்டும், பாப்பாவின் குரூப்பில் அது இருக்கிறது, பிரச்சினை இல்லை. பிரச்சினை வேறு: இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், தமிழ்நாடு முழுக்கப் போட்டி. அறிவிப்பு வரும் நாளைத் தவறவிடாதீர்கள், வயது வரம்பையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துக்குச் செலவழிக்கும் சில நூறு ரூபாய்தான் இந்த முழுக் கடிதத்திலும் நான் உங்களைக் கண்ணை மூடிக்கொண்டு செலவழிக்கச் சொல்லும் ஒரே பணம்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் ஒலி பற்றி ஏதாவது கேட்பார்கள், அங்கே உங்கள் மகளுக்கு மற்ற பிள்ளைகளுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது. கோயில் திருவிழாவில் மைக் ஏன் ஊளையிடுகிறது, எந்த ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்பினால் அது நிற்கும் என்பது புத்தகம் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்திருக்கும். அதைக் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். ‘அப்பா மைக் செட் வைத்திருக்கிறார்’ என்பதை மறைக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அபத்தம்.

அங்கே இடம் கிடைத்தால் உதவிகள் இப்படி வரும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரை அவள் கணக்குக்கே வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம், பையன்களுக்கு 2024-இல் தமிழ்ப் புதல்வன் என்று வந்தது, உங்களுக்குச் சின்னவன் இருந்தால் அவனுக்கும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது சாதிச் சான்றிதழை ஒட்டிய உதவித்தொகை. என்ன பிரிவு என்று நீங்கள் எழுதவில்லை. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் என்றாலும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றாலும் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் என்பதுதான் பொதுவாகக் கேட்கப்படும் எல்லை. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம் போகும். சந்தேகம் இருந்தால் சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் அந்தந்த நல அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை போய்க் கேளுங்கள், குறைதீர் நாளில் எல்லா அதிகாரியும் இருப்பார்கள்.

இதைவிடப் பெரிய உதவி விடுதி. கட்டணம் குறைவான கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சென்னையில் தங்கும் வாடகையும் மெஸ்ஸும்தான் செலவு. தனியார் ஹாஸ்டலில் தங்கி மூன்று வேளை சாப்பிட மாதம் ஏழெட்டாயிரமாவது இல்லாமல் முடியாது, நான்கு வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் மூன்றரை லட்சத்தைத் தாண்டும். அரசின் கல்லூரி மாணவியர் விடுதிகளில் (சமூகநீதி விடுதி என்று இப்போது பெயர் மாற்றியிருக்கிறார்கள்) தங்குவதும் சாப்பாடும் இலவசம். சேர்க்கை உறுதியான அன்றே அதற்கும் விண்ணப்பம் போடுங்கள், ‘முதலில் காலேஜ் ஆரம்பிக்கட்டும்’ என்று ஒரு மாதம் விட்டவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை.

பிளஸ் டூ மதிப்பெண் நல்ல உயரத்தில் இருந்தால் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கும் தகுதி வரலாம். அவரவர் போர்டில் தேர்ச்சி பெற்றவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ரெகுலர் பட்டப்படிப்பாக இருக்க வேண்டும். டிப்ளமோவுக்குக் கிடையாது. முதல் மூன்று வருஷம் வருஷத்துக்கு 12,000. ஆனால் இதை வாங்குபவர் வேறு உதவித்தொகை வாங்கக்கூடாது என்று அதன் விதி சொல்கிறது. மாதம் ஆயிரம் என்றாலும் வருஷத்துக்கு அதே 12,000 தானே, அதோடு சாதி அடிப்படையிலான உதவியையும் இழக்க வேண்டாம் என்பதால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் மாநிலத் திட்டங்களோடு நின்றுகொள்வேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம், இதில்தான் பாதிப் பிள்ளைகள் சிக்குகிறார்கள். ‘பேங்க் அக்கவுண்டில் ஆதார் இணைச்சாச்சு’ என்பார்கள், பணம் வராது. ஆதாரைக் கணக்கோடு சேர்ப்பது ஒன்று, அரசுப் பணம் நேரடியாக வந்து விழும் (டிபிடி என்பார்கள்) கணக்கு இதுதான் என்று பேங்குகளுக்கு இடையே பணம் கடத்தும் அமைப்பான என்பிசிஐ-யில் பதிவாவது இன்னொன்று. பள்ளியில் திறந்த பழைய ஜீரோ பேலன்ஸ் கணக்கு பதிவாகியிருக்கும், அது நடமாட்டமில்லாமல் முடங்கிக் கிடக்கும், பணம் அங்கே போய்த் திரும்பிவிடும். பேங்கில் போய் ‘டிபிடிக்கு இந்தக் கணக்கை மேப் பண்ணிக் கொடுங்கள்’ என்று அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் இன்னொரு இனிஷியல் என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். ஜூன் மாதத்தில் இ-சேவை மையத்தில் நிற்கும் வரிசை உங்களுக்கே தெரியும்.

தரமணி கிடைக்காவிட்டால்? இதுதான் நீங்கள் கேட்காத கேள்வி, ஆனால் என் பார்வையில் முக்கியமானது. ஒலிப்பதிவுக்கு நாட்டில் பெரிய பெயர் உள்ள இரண்டு இடங்கள் புனேயில் இருக்கும் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனமான எஃப்டிஐஐ-யும் கொல்கத்தாவில் இருக்கும் சத்யஜித் ரே திரைப்பட நிறுவனமும். இரண்டும் மத்திய அரசுடையவை, அங்கே ஒலிப்பதிவு முதுநிலைப் படிப்பு. ஏதாவது ஒரு பட்டமும் பிளஸ் டூவில் இயற்பியலும் இருந்தால் நுழைவுத் தேர்வு எழுதலாம். 2009-இல் ஆஸ்கர் வாங்கிய ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டி கேரளாவில் ஒரு சாதாரணக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டுத்தான் புனே போனார். உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் காரைக்குடி. அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் படிக்க ஆகும் செலவு என்னவென்று விசாரித்துப் பாருங்கள், உங்கள் ஒரு கோயில் திருவிழா வாடகையில் அடங்கும். கணக்கு நன்றாக வரும் பெண் என்றால் அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியில் ஈசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) பாருங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. வீட்டுச் சாப்பாடு, கையில் கடன் இல்லை, மூன்று நான்கு வருஷம் உங்களோடு நின்று லைவ் சவுண்ட் கற்றுக்கொள்கிறாள், பிறகு முதுநிலைக்கு முட்டிப் பார்க்கலாம். பாப்பாவுக்கு இது பிடிக்காது, தெரியும். உடனே ஸ்டூடியோவில் உட்கார வேண்டும் என்ற வயது. ஆனாலும் அவளிடம் இதைச் சொல்லாமல் ஆறு லட்சத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சொந்தக்காரர்கள் யாராவது ‘நம்ம ஊருக்கும் இந்தப் படிப்புக்கும் என்ன சம்பந்தம்’ என்று கேட்டால், ஏவி. மெய்யப்பச் செட்டியார் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாகக் கிராமபோன் தட்டு விற்றுத்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தார், 1940-களில் அவருடைய ஸ்டூடியோவே தேவகோட்டை ரஸ்தாவில்தான் ஓடியது, பிறகுதான் கோடம்பாக்கம் போனது என்று சொல்லுங்கள். வாயடைப்பதற்கு உதவும், பேங்கில் உதவாது.

பாட்டுக்கான ஸ்காலர்ஷிப் பற்றி. மத்திய கலாசார அமைச்சகம் இளம் கலைஞர்களுக்கு 18 முதல் 25 வயது வரை மாதம் 5,000 வீதம் இரண்டு வருஷம் தருவது உண்மைதான். ஆனால் அது குருவிடம் வாய்ப்பாட்டோ வீணையோ நாட்டியமோ மேற்பயிற்சி பெறுபவர்களுக்கு. மைக்குக்கு இந்தப் பக்கம் நின்று பாடுபவருக்கு உண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்பவருக்குக் கிடையாது. இதற்காக அலையாதீர்கள்.

இப்போது கடன். அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்பு, தகுதி அடிப்படையில் கிடைத்த இடம் என்றால் 4 லட்சம் வரை பேங்க் எந்த அடமானமும் கேட்கக்கூடாது, நீங்கள் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். 4 லட்சத்திலிருந்து 7.5 லட்சம் வரை மத்திய அரசின் உத்தரவாத நிதி இருப்பதால் சொத்து தேவையில்லை. அதற்கு மேலேதான் சொத்துக் கேட்பார்கள். 4 லட்சத்தைத் தாண்டினால் செலவில் 5 சதவீதம் உங்கள் கையிலிருந்து போட வேண்டும். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருஷமும் தவணை கிடையாது, பிறகு 15 வருஷம் வரை கட்டலாம். 2024 நவம்பரில் ஒப்புதலான பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமலே கடன் கிடைக்கும், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு அந்தத் தவணை இல்லாத காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. சேரும் நிறுவனத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அந்தத் திட்டத்தின் போர்ட்டலில் தேடிப் பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை. கம்ப்யூட்டர், ஹெட்போன், ஆடியோ இண்டர்ஃபேஸ் போன்றவற்றையும் கடனில் சேர்க்கலாம், படிப்புக்குத் தேவை என்று கல்லூரி எழுதிக் கொடுக்க வேண்டும். மொத்தக் கல்விக் கட்டணத்தில் 20 சதவீதம் வரை என்று இதற்கு ஒரு வரம்பு உண்டு. இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், பிள்ளைகள் கடன் ஒரு பக்கம் இருக்க லேப்டாப்புக்குத் தனியாக இஎம்ஐ போட்டுக்கொண்டு நிற்பார்கள்.

போர்ட்டலில் விண்ணப்பித்தால் மறுப்பதானாலும் காரணத்தை எழுதித்தான் மறுக்க வேண்டியிருக்கும். வாய்மொழி ‘கிடையாது’க்கு எங்கும் அப்பீல் இல்லை, எழுதியதற்கு உண்டு. முதலில் பேங்கின் மண்டல அலுவலகத்துக்குப் புகார், 30 நாளில் சரியான பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், 14448-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். ஆனால் அங்கீகாரம் இல்லாத டிப்ளமோவுக்கு இந்தச் சண்டையைப் போடாதீர்கள், தோற்பீர்கள். அந்த டிப்ளமோ தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ் பதிவானதாகவோ மத்திய அரசின் ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப் தளத்தில் ஏற்றப்பட்டதாகவோ இருந்தால் மட்டும் திறன் கடன் என்று தனியாக ஒன்று இருக்கிறது, 2024 ஜூலையிலிருந்து 7.5 லட்சம் வரை உயர்த்தியிருக்கிறார்கள். நிறுவனத்திடம் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

கடனுக்குப் போகும்முன் வீட்டில் இரண்டு காரியம். உங்கள் சிபில் ரிப்போர்ட்டை எடுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை இலவசம். ஸ்பீக்கர் வாங்கிய கடன், வண்டிக் கடன், வீட்டம்மா குழுவில் எடுத்த மைக்ரோ ஃபைனான்ஸ் எல்லாம் கடன் தகவல் ஏடுகளில் ஏறியிருக்கும். கொரோனா காலத்தில் திருவிழாவே இல்லாமல் போனபோது தவணை தவறிய மைக் செட்காரர்கள் எத்தனையோ பேர், அதில் சிலர் ‘செட்டில்மென்ட்’ போட்டு முடித்திருப்பார்கள். முடிந்தது என்று அவர்கள் நினைப்பார்கள், ரிப்போர்ட்டில் அது கறையாகவே நிற்கும். அப்படி ஏதாவது இருந்தால் மீதித் தொகையைக் கட்டி நிலுவையில்லாச் சான்று வாங்கிவிட்டுப் பிறகு பேங்க் படியேறுங்கள். இன்னொன்று வருமானச் சான்றிதழ். உதவித்தொகைக்கு 72,000 என்று வாங்கிவிட்டு, கடனுக்குப் போய் ‘மாசம் நாப்பதாயிரம் வருது சார்’ என்று சொல்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. இரண்டு காகிதமும் ஒரே ஃபைலில் இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். உண்மையான தொகையைச் சொல்லுங்கள். 4.5 லட்சத்துக்குள் இருந்து, படிப்பு தொழில்நுட்பம் அல்லது தொழிற்கல்வி என்ற வகையில் வந்து, கல்லூரிக்கு நாக் போன்ற தர அங்கீகாரமும் இருந்தால், தவணை இல்லாத காலத்து வட்டி முழுவதையும் மத்திய அரசே ஏற்கும் திட்டமும் உண்டு. அதற்கும் இதே சான்றிதழ்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம், வட்டிக் கணக்கு நம்ம சீமைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு லட்சம், முதல் வருஷ ஆரம்பத்தில் மூன்று, அடுத்த வருஷ ஆரம்பத்தில் மூன்று, 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷப் படிப்பும் ஒரு வருஷ விடுப்பும் முடியும்போது தனி வட்டியே 1,65,000 ஏறியிருக்கும். 7,65,000-ஐப் பத்து வருஷத்தில் கட்டினால் மாதம் சுமார் 10,500, மொத்தம் பன்னிரண்டரை லட்சத்துக்கு மேல். மாதத் தவணை குறையட்டும் என்று பதினைந்து வருஷமாக்கினால் 8,700, மொத்தம் பதினைந்தரை லட்சம். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால், அதாவது முதல் வருஷம் மாதம் 2,750, அதன்பின் 5,500, அசல் ஆறு லட்சத்திலேயே நிற்கும், பத்து வருஷத் தவணை 8,300-க்குப் பக்கத்தில் இறங்கும். அப்படிக் கட்டுபவர்களுக்குச் சில பேங்குகள் ஒரு சதவீதம் வட்டியும் குறைக்கின்றன, கேட்டால்தான் குறைப்பார்கள்.

இந்தப் பத்தாயிரத்தை எதிலிருந்து கட்டுவாள்? ஸ்டூடியோவில் உதவியாளராகச் சேரும் பிள்ளைக்கு முதல் ஒன்றிரண்டு வருஷம் சம்பளம் என்று பெரிதாக வராது. நம்ம செட்டியார் கடைகளில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகும் வரை பொறுத்த மாதிரிதான், இங்கேயும் கேபிள் சுற்றிப் பழகி, பதிவு, எடிட்டிங் என்று மேலே வர நாளாகும். தவணையோ அந்தக் காலத்தில்தான் ஆரம்பிக்கும். அதனால் அந்தத் தனியார் நிறுவனத்திடம் ‘பிளேஸ்மென்ட் நூறு சதவீதமா’ என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். மூன்று வருஷம் முன்னால் முடித்த நாலைந்து பேரின் போன் நம்பர் கேளுங்கள், பாப்பாவே பேசட்டும், இப்போது என்ன வேலை, கையில் எவ்வளவு வருகிறது என்று. பழைய மாணவர் நம்பர் தர மறுக்கும் இடத்தில் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

‘லோன் நாங்களே ஏற்பாடு செய்கிறோம்’ என்பது பெரும்பாலும் ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் கடன். கல்விக்கடன் என்ற பெயரில் இருக்கும், அடுத்த மாதமே தவணை ஆரம்பிக்கும். பணம் நேராக நிறுவனத்துக்குப் போய்விடும், பிள்ளை பாதியில் நின்றாலும் தவணை நிற்காது. கையெழுத்துக்கு முன் ‘முக்கிய விவர அறிக்கை’ கேளுங்கள், 2024 அக்டோபரிலிருந்து இதைக் கொடுப்பது கட்டாயம், உங்களுக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். செயலாக்கக் கட்டணம் எல்லாம் சேர்த்து உண்மையான ஆண்டுச் செலவு எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். ‘ஜீரோ வட்டி’ என்று சொன்ன கடனில் அந்த எண் என்னவாக இருக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

நகையைப் பொறுத்தவரை, கல்விக்கடன் பாஸாகி முதல் தவணை வெளியாவதற்குள் கல்லூரி கட்டணக் கெடு வந்துவிட்டால் அந்த இடைவெளியை அடைக்க மட்டும் பேங்கில் வையுங்கள். ஒரு வருஷத்துக்குள் மீட்க வேண்டிய கடனை வைத்து நான்கு வருஷப் படிப்பை ஓட்ட முடியாது, வட்டியைக் கட்டி மாற்றி மாற்றி வைப்பதிலேயே நகை போய்விடும். வீட்டை மறந்துவிடுங்கள். கூட்டுப் பட்டா என்றால் அத்தனை பங்காளியும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கானாடுகாத்தானில் ஒரு தெருவையே அடைத்து நிற்கும் வீடுகளை வைத்துக்கூட யாரும் சுலபமாகக் கடன் வாங்க முடியாததற்கு இதே பங்குக் கணக்குதான் காரணம். 7.5 லட்சத்துக்குள் நின்றால் சொத்துப் பேச்சே தேவையில்லை.

உங்களிடம் இருக்கும் வேறொரு வழியை நீங்கள் கவனிக்கவில்லை: உங்கள் வாடிக்கையாளர்கள். அறுபதாம் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஊருக்கு வரும் குடும்பங்கள் வருஷக்கணக்காக உங்களைத்தான் கூப்பிடுகின்றன. அவர்களில் சிலருக்குக் குடும்ப அறக்கட்டளை இருக்கும். அறக்கட்டளைகள் வருமானத்தில் 85 சதவீதத்தை அறக்காரியத்துக்குச் செலவழித்தாக வேண்டும் என்பது வருமான வரி விதி. கல்விக்கு என்று தகுந்த விண்ணப்பம் வந்தால் அவர்களுக்கும் நல்லதுதான், குறிப்பாக மார்ச் நெருங்கும்போது. கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவே போய்த் தலையைச் சொறிந்துகொண்டு கேட்காதீர்கள். ஒரு பக்கம், பாப்பா கையெழுத்தில், என்ன படிப்பு, எந்தக் கல்லூரி, இந்த வருஷம் எவ்வளவு குறைகிறது, மீதி எங்கிருந்து வருகிறது என்று எழுதி, மார்க் ஷீட் நகலோடு கொடுங்கள். பணத்தை நேராகக் கல்லூரிக் கணக்கில் கட்டச் சொல்லுங்கள், ரசீதை அவர்களுக்கே அனுப்புங்கள். மொத்தப் படிப்புக்கும் ஒருவரிடமே கேட்பதைவிட ஒரு செமஸ்டருக்கு ஒருவர் என்று கேட்டால் கொடுக்கிற மனசு சுலபமாக வரும். கொடுக்காதவருக்கும் அடுத்த விசேஷத்துக்கு அதே வாடகைக்கு மைக் கட்டுங்கள்.

மச்சானுக்குச் சுருக்கமாகப் பதில். அமெரிக்க அரசின் கல்வி உதவி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்கும்தான், பாஸ்டனில் இருக்கும் பெர்க்லி போன்ற கல்லூரிகள் தாங்களாகத் தரும் உதவியோ பாடியோ கருவி வாசித்தோ தேர்வில் காட்டும் திறமையைப் பொறுத்தது. ஜெர்மனியில் டெட்மோல்டில் 1949-லிருந்து ‘டோன்மைஸ்டர்’ என்று ஒலிப்பதிவுக்கே பெயர்போன படிப்பு இருக்கிறது, அரசுக் கல்லூரி, கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் ஜெர்மன் மொழி தெரிய வேண்டும், மேலைச் சங்கீதத்தில் கருவி வாசித்துத் தேர்வு எழுத வேண்டும், வாழ்க்கைச் செலவுக்கென்று வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் யூரோ அளவில் முன்கூட்டியே கணக்கில் காட்ட வேண்டும். பட்டம் முடித்த பிறகு முதுநிலைக்கு என்றால் ஜே.என். டாடா அறக்கட்டளையின் கடன் உதவித்தொகை போன்றவை திறக்கும். பிளஸ் டூ முடித்த கையோடு வேண்டாம். மச்சானுக்கு உதவ மனமிருந்தால் ஒரு வருஷ விடுதிச் செலவை ஏற்கச் சொல்லுங்கள், அது இப்போதைக்கு உண்மையான உதவி.

காத்திருக்கும் நாட்களில் பாப்பா சும்மா இருக்க வேண்டாம். ரீப்பர் என்று ஒரு ரெக்கார்டிங் மென்பொருள், 60 நாள் இலவசமாகச் சோதிக்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரே போதும். உங்கள் அடுத்த கச்சேரியை மிக்ஸரிலிருந்து தனித்தனி டிராக்காக எடுத்து மிக்ஸ் செய்து பார்க்கட்டும், நேர்முகத்துக்கு எடுத்துப்போக ஒரு பென் டிரைவ் ஆயிற்று.

தரமணி அறிவிப்பு, காரைக்குடிக் கல்லூரி விண்ணப்பம், பொறியியல் கலந்தாய்வுப் பதிவு, மூன்றையும் போட்டுவிட்டு எது கிடைத்தது என்று எழுதுங்கள், பேங்குக்கு எந்த ஃபைலை எப்படிக் கட்டுவது என்று அப்போது பார்க்கலாம். அப்புறம், கடிதத்தோடு ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அந்தச் சென்னை நிறுவனத்துக்கும் இதே மாதிரி அனுப்பியிருக்கிறீர்களா? அனுப்பியிருந்தால் ஆதார் பயோமெட்ரிக்கை இன்றைக்கே லாக் செய்யுங்கள், அடுத்த மாதம் சிபில் ரிப்போர்ட்டை இன்னொரு தடவை எடுத்து, உங்களுக்குத் தெரியாமல் புதிதாக ஏதாவது கடன் விசாரணை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.